எஞ்சின் விளக்கும் அன்னாசிப்பழ விஞ்ஞானியும்

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்துவிட்டு இருபது வருஷமாக வங்கியில் குப்பை கொட்டுகிறவன். வண்டி ரிப்பேர் குறிப்பு மட்டும் போதும் என்பவர்கள் நேராகக் கடைசியில் இருக்கும் பின்குறிப்புக்குப் போய்விடலாம். மற்றவர்கள் ஒரு டீயோடு உட்காருங்கள். கொஞ்சம் நீளம்.

போன நவம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை. மயூர் விஹாரிலிருந்து பாராகம்பா சாலையில் இருக்கும் ஆபீசுக்குக் கிளம்பி, யமுனைப் பாலத்தில் ஏறும்போது டாஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. எஞ்சின் படம் போட்ட விளக்கு. (எனக்கு அது என்றைக்குமே எஞ்சினாகத் தெரிந்ததில்லை. மூக்கு வைத்த கூஜா மாதிரிதான் இருக்கும்.) பாலத்தின் நடுவில் நின்று பார்த்தால் ஆறும் தெரியவில்லை, எதிர்க்கரையும் தெரியவில்லை. டெல்லி நவம்பர் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் இருப்பவர்கள் போகிப் பண்டிகைக் காலையை நினைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு மாசம் தொடர்ந்து நடந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

வண்டியோ ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. சத்தம் இல்லை, இழுவை குறையவில்லை. 2016 மாடல் பெட்ரோல் வண்டி. பி.யு.சி. சான்றிதழ் கூட கையில் இருந்தது. சாயங்காலம் தங்கமணி கேட்டார்: "வண்டி நல்லாத்தானே ஓடுது, அப்புறம் எதுக்கு லைட் எரியுது?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடிப் போனதுதான் இந்தப் பதிவு.

அந்த சனிக்கிழமை காஷ்மீரி கேட் பக்கம் ஒரு உஸ்தாதிடம் வண்டியைக் கொண்டுபோனேன். ஸ்டியரிங்குக்குக் கீழே எதையோ தேடி, ஒரு வயரைச் சொருகி, கையடக்கக் கருவியில் படித்தார். பி0420. "ஸாப், கேட்டலிஸ்ட் கதம்" என்றார். புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தமாம். கம்பெனியில் புதிதாகப் போட்டால் ஐம்பதாயிரத்துக்கு மேல் ஆகும் என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவரே வழியும் சொன்னார். உள்ளே இருக்கும் சல்லடையை எடுத்துவிடலாம். பின்னால் இருக்கும் சென்சாருக்கு ஒரு சின்ன ஸ்பேசர் போட்டுவிடலாம். விளக்கு ஜென்மத்துக்கும் எரியாது, பிக்கப்பும் கூடும். எடுத்த சரக்கை அவரே வாங்கிக்கொள்வார். அதாவது கூலி போக எனக்குத்தான் அவர் காசு கொடுப்பார்!

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், யோசிக்க எதுவும் இல்லை என்றுதான் தோன்றியது. திங்கட்கிழமை போய் முடித்துவிடலாம் என்ற எண்ணம். அந்த இரண்டு ராத்திரியில்தான் இந்த விளக்கின் பூர்வீகத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.

சின்ன வயசில் பாளையங்கோட்டையில் எங்கள் பெரியப்பா அம்பாசடர் டாக்சி ஓட்டினார். அதிலும் விளக்குகள் உண்டு. ஆயில் பிரஷர் விழுந்தால் ஒன்று, பேட்டரி சார்ஜ் ஆகாவிட்டால் ஒன்று. அந்தக் குடும்பத்து விளக்குகளுக்கு வயசு அதிகம். 1930களில் அமெரிக்காவின் ஹட்சன் கார் கம்பெனி முள் வைத்த மீட்டர்களை எடுத்துவிட்டு விளக்குகளை வைத்தது. மீட்டர் படிக்கத் தெரியாதவனுக்கு வைத்தது என்று கிண்டலாக அங்கே அதற்கு 'முட்டாள் விளக்கு' என்றே பெயர் வந்துவிட்டது. அவை எரிந்தால் எஞ்சினுக்கு ஆபத்து, உன் பணத்துக்கு ஆபத்து. வண்டியை நிறுத்து.

மஞ்சள் விளக்கும் அந்தக் குடும்பம்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். தப்பு. அது வேறு வீட்டுப் பிள்ளை.

1943 ஜூலை 26. லாஸ் ஏஞ்சலிஸ் நகரம். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். பட்டப்பகலில் ஊர்மேல் ஒரு புகைமூட்டம் இறங்கியது. மூன்று தெரு தாண்டி எதுவும் தெரியவில்லை. கண் எரிச்சல், தொண்டை எரிச்சல். ஜப்பான் விஷவாயு போட்டுவிட்டது என்று ஜனங்கள் பயந்துபோனார்கள். அப்புறம் பழி ஊருக்குள் இருந்த ஒரு செயற்கை ரப்பர் தொடர்பான ஆலைமேல் விழுந்தது. அதை மூடியும் பார்த்தார்கள். புகை போகவில்லை. (பஞ்சாபில் வைக்கோல் எரிக்கிறான் என்று நாம் ஆளாளுக்குக் கை காட்டுகிறோமே, அதே கதைதான். அவன் எரிப்பதும் நிஜம். ஆனால் அதோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை.)

அதே ஊர்ப்பக்கம் கால்டெக் கல்வி நிறுவனத்தில் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்று ஒரு உயிர்வேதியியல் பேராசிரியர். நெதர்லாந்தில் பிறந்தவர். அவருக்கும் காருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அன்னாசிப்பழத்துக்கு அந்த வாசனை எந்த ரசாயனங்களால் வருகிறது என்று, பழத்தின் ஆவியைக் குளிரவைத்துப் பிடித்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். வாசனையைப் பிடிக்கிற அதே கருவியால் ஊர்க்காற்றைப் பிடித்துப் பார்த்தால் என்ன என்று பார்த்தார். 1950களின் தொடக்கத்தில் விடை கிடைத்தது. வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் விடுகிற எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயில் பட்டதும் ஓசோனாக மாறுகின்றன. வானத்தில் உயரே இருந்தால் நம்மைக் காப்பாற்றும் ஓசோன், மூக்குக்கு நேரே இருந்தால் விஷம்.

எண்ணெய்க் கம்பெனிகள் பணம் கொடுத்த ஆய்வாளர்கள் இவர் சொல்வது தப்பு என்றார்கள். மனிதர் ரோஷக்காரர். அன்னாசிப்பழத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு முழுநேரமாகப் புகையில் இறங்கிவிட்டார்.

லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட நிர்வாகத்தில் இருந்த கென்னத் ஹான் என்பவர் 1953 முதல் கார் கம்பெனிகளுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். ஃபோர்டிலிருந்து வந்த பதிலின் சாரம்: புகை காற்றில் சீக்கிரம் கலைந்துவிடும், அதனால் பிரச்சினை ஒன்றும் இல்லை. எங்கள் கிளையில் கடன் கட்டாத பார்ட்டி எழுதுகிற கடிதம் மாதிரியே இருந்தது! 1969இல் அமெரிக்க அரசாங்கமே பெரிய கார் கம்பெனிகள்மேல் வழக்குப் போட்டது. புகையைக் குறைக்கும் கருவிகளை யாரும் முந்திக்கொண்டு கொண்டுவரக்கூடாது என்று எல்லாரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. கம்பெனிகள் சமரசத்துக்கு வந்து அந்த வருஷமே வழக்கை முடித்துக்கொண்டன.

இதற்கிடையே 1967இல் கலிஃபோர்னியா தனக்கென்று ஒரு காற்று வள வாரியம் அமைத்தது. அதன் முதல் தலைவர் யார் என்று நினைக்கிறீர்கள்? நம் அன்னாசிப்பழக்காரர்தான்.

1970இல் அமெரிக்க நாடாளுமன்றம் தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. கார்ப் புகையின் முக்கியமான விஷங்கள் ஐந்தாறு வருஷத்துக்குள் 90 சதவீதம் குறைய வேண்டும். முடியவே முடியாது என்றார்கள் கம்பெனிக்காரர்கள். கெடு சில தடவை தள்ளிப்போனாலும், 1975 மாடல் கார்களில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வந்துவிட்டது. தேன்கூடு மாதிரி ஆயிரக்கணக்கான நுண்துளை போட்ட பீங்கான், அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம் பூச்சு. அந்தத் துளைகளைத் தாண்டும்போதே விஷப்புகை பெரும்பாலும் தண்ணீர் ஆவியாகவும் கரியமில வாயுவாகவும் மாறிவிடும். (உஸ்தாத் எதற்கு அந்தச் 'சல்லடை'க்குக் காசு தருகிறேன் என்றார் என்று இப்போது புரிகிறதா?) பெட்ரோலில் கலந்த ஈயம் அந்தப் பூச்சைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமில்லாத பெட்ரோலும் கூடவே வந்தது.

அடுத்த கட்டம்தான் நம் விளக்கைப் பெற்றெடுத்தது. மூன்று விஷங்களையும் ஒரே டப்பாவில் ஒழிக்கும் கன்வர்ட்டர் 1970களின் பிற்பாதியில் வந்தது. அது ரொம்ப வைதீகம். ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்கை ஒட்டியே எஞ்சின் ஓட வேண்டும், இல்லாவிட்டால் வேலை செய்யாது. கார்ப்பரேட்டரை ஸ்க்ரூடிரைவரால் திருகி அந்தக் கணக்கைப் பிடிக்க முடியாது. அதனால் புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார், அது சொல்வதைக் கேட்டு நொடிக்கு நொடி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்க ஒரு கம்ப்யூட்டர். ஆக, காருக்குள் கம்ப்யூட்டர் நுழைந்தது வசதிக்காக இல்லை, புகைக்காக.

கம்ப்யூட்டர் வந்தால் அது தப்பையும் குறித்து வைக்கும் அல்லவா? ஜெனரல் மோட்டார்ஸ் 1980இல் கலிஃபோர்னியாவுக்கும், 1981இல் அமெரிக்கா முழுமைக்கும் அப்படிப்பட்ட பெட்ரோல் கார்களைக் கொண்டுவந்தது. டாஷ்போர்டில் 'எஞ்சினைப் பார்' என்று எழுதிய விளக்கு. டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் இரண்டு துளைகளை ஒரு கம்பியால் இணைத்தால் போதும், விளக்கு தந்திக்காரர் மாதிரி கண் சிமிட்டும். ஒரு சிமிட்டல், இடைவெளி, இரண்டு சிமிட்டல் என்றால் 12ஆம் நம்பர். புத்தகத்தைப் பார்த்து மெக்கானிக் தெரிந்துகொள்வார்.

வாரியத்துக்குத் தேவைப்பட்டதும் இதுதான். ஷோரூமிலிருந்து வெளியே வரும்போது எல்லா வண்டியும் உத்தமம். ஐந்து வருஷம் கழித்து அது என்ன விடுகிறது என்று யாருக்குத் தெரியும்? லட்சக்கணக்கான வண்டிக்குப் பின்னால் ஆள் வைத்துப் பார்க்க முடியாது. அதனால் ஒவ்வொரு வண்டிக்குள்ளும் ஒரு ஆடிட்டரை உட்காரவைத்தார்கள். 1988 மாடல் முதல் கலிஃபோர்னியாவில் இந்தச் சுயபரிசோதனை கட்டாயம். ஆனால் கம்பெனிக்கு ஒரு சாக்கெட், ஒரு பாஷை என்று இருந்தது. 1994இல் தொடங்கி, 1996 மாடல் முதல் அமெரிக்கா முழுக்க இரண்டாம் தலைமுறை ஓ.பி.டி. வந்தது. எல்லாருக்கும் ஒரே 16 பின் சாக்கெட், ஒரே குறியீடு. அமெரிக்காவில் பி0420 என்றால் என்னவோ, காஷ்மீரி கேட்டிலும் அதேதான்.

விளக்கு எரிவதற்கான அளவுகோலைப் பாருங்கள். புகை அனுமதித்த அளவில் சுமார் ஒன்றரை மடங்கைத் தாண்டும் நிலைக்கு ஒரு பாகம் கெட்டுவிட்டால் விளக்கு எரிய வேண்டும். கலிஃபோர்னியா பெரும்பாலான பாகங்களுக்கு வைத்த கணக்கு இது. எஞ்சின் நிற்குமா, மைலேஜ் குறையுமா என்பது கேள்வியே இல்லை. தங்கமணி கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. வண்டி எனக்கு நல்லாத்தான் ஓடுது. பின்னால் வருகிறவனுக்குத்தான் நல்லாயில்லை. என் காசில் வாங்கிய என் வண்டிக்குள் பின்னால் வருகிறவனுக்காக எரிகிற விளக்கு அது.

கன்வர்ட்டரை அது சோதிக்கிற விதம் எங்கள் பிழைப்பில் இருப்பவர்களுக்கு உடனே புரியும். கன்வர்ட்டருக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார். முன்னால் இருப்பது கூடிக் குறைந்து ஆடிக்கொண்டே இருக்கும். கன்வர்ட்டர் ஒழுங்காக வேலை செய்தால் பின்னால் இருப்பது ஆடாமல் நிற்கும். இரண்டும் ஒரே மாதிரி ஆடினால் நடுவில் இருப்பவர் தூங்குகிறார் என்று பொருள். சுத்தமான மேக்கர், செக்கர் முறை. உஸ்தாத் சொன்ன ஸ்பேசர் பின்சென்சாரைப் புகை நேராகப் படாமல் கொஞ்சம் தள்ளி உட்கார வைக்கிறது. அதாவது வவுச்சரைப் பார்க்காமலே கையெழுத்துப் போடும் செக்கர்.

நம் ஊர்க் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா டெல்லியின் வாகனப் புகை பற்றி உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டது 1985இல். பத்து வருஷம் கழித்து, 1995 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை நான்கு நகரங்களிலும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வர்ட்டர் கட்டாயமானது. ஈயமில்லா பெட்ரோலும் வந்தது. 1996இல் அனில் அகர்வாலின் அறிவியல், சுற்றுச்சூழல் மையம் வெளியிட்ட அறிக்கை வாகனப் புகையை 'மெதுவான கொலை' என்றே தலைப்புப் போட்டுச் சொன்னது. 1998இல் நீதிமன்றம் டெல்லி பஸ்களை சி.என்.ஜி.க்கு மாறச் சொல்ல, இழுத்துப் பறித்து 2002 முடிவில்தான் அது முடிந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயமில்லா பெட்ரோல். 2010 ஏப்ரலில் டெல்லி உட்பட 13 நகரங்களில் பாரத் ஸ்டேஜ் 4 வந்தபோது கூடவே ஓ.பி.டி.யும் வந்தது. அதன் முழுமையான இரண்டாம் வடிவம் 2013 ஏப்ரலில். 2020 ஏப்ரலில் ஐந்தாம் படியைத் தாண்டி நேராக ஆறு. அன்று முதல் பைக், ஸ்கூட்டரிலும் இந்த விளக்கு உண்டு.

1943இல் பிறந்த சண்டை 2013இல் என் மாதிரி ஆள் வாங்குகிற வண்டிக்குள் முழுசாக வந்து சேர எழுபது வருஷம். அதை அணைக்க உஸ்தாதுக்கு வேண்டியது ஒரு மணி நேரம்.

இந்த ஆடிட்டரை ஏமாற்றுவது சில்லறை வேலை மட்டும் இல்லை. 2015 செப்டம்பரில் வோக்ஸ்வாகன் மாட்டியது. உலகம் முழுக்கச் சுமார் ஒரு கோடியே பத்து லட்சம் டீசல் கார்கள். சோதனை நடக்கிறது என்று தெரிந்தால் மட்டும் ஒழுங்காக ஓடும்படி கம்ப்யூட்டரில் எழுதி வைத்திருந்தார்கள். ரோட்டில் நைட்ரஜன் ஆக்சைடு அளவு சிலவற்றில் 40 மடங்கு வரை போனது. அந்த வண்டிகளில் விளக்கு எரியவே இல்லை. விளக்கை எழுதியவனே திருடன் என்றால் அது எப்படி எரியும்?

அதே 2015இல்தான் ரிசர்வ் வங்கி எங்கள் வங்கிகளின் புத்தகத்தைத் திறந்து சொத்துத் தர ஆய்வு என்று உட்கார்ந்தது. அதுவரை வராக்கடன் விளக்கு எரியாமல் இருக்க நாங்கள் எத்தனை ஸ்பேசர் போட்டிருப்போம்! பழைய கடனைக் கட்ட ஒரு புதுக் கடன், மார்ச் 31க்குள் கணக்கு பச்சை. நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. 89ஆம் நாள் சாயங்காலம் பார்ட்டிக்குப் போன் போட்டு ஏதாவது கட்டச் சொல்லிக் கெஞ்சியவன்தான். ஆய்வு முடிந்தபோது வெளியே வந்த தொகையை எல்லாரும் பேப்பரில் படித்தீர்கள். விளக்கு எரியாததால் கடன் நல்ல கடனாகிவிடவில்லை. வேறு யாரோ கட்டினார்கள், அவ்வளவுதான்.

இதையெல்லாம் படித்த பிறகு திங்கட்கிழமை உஸ்தாதிடம் போக மனசு வரவில்லை. ஆபீஸ் நண்பர் சொன்ன ஒரு வயசான சர்தார்ஜியின் ஒர்க் ஷாப்புக்குப் போனேன். அவரும் அதே பி0420தான் படித்தார். ஆனால் கருவியை ஓரமாக வைத்துவிட்டு, வண்டியைத் தூக்கி, எஞ்சினை ஓடவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். எங்கள் பெரியப்பா பானெட்டைத் திறந்து கேட்பது போலவே. கன்வர்ட்டருக்கு முன்னால் இருக்கும் இணைப்பில் மெலிதாக ஒரு சீறல், பக்கத்தில் கரிக்கோடு. கேஸ்கெட் போயிருந்தது. அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே போய்ச் சென்சாரைக் குழப்பியிருக்கிறது. கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய். "பேட்டா, இந்த மெஷின் எங்கே வலிக்கிறது என்றுதான் சொல்லும், என்ன வியாதி என்று சொல்லாது" என்றார். குறியீட்டை அழித்துவிட்டு ஒரு வாரம் ஓட்டச் சொன்னார். விளக்கு திரும்ப வரவில்லை. உஸ்தாத் சொன்னபடி செய்திருந்தால் நல்ல கன்வர்ட்டரை எடுத்து விற்றிருப்பேன்.

ஆனால் கேஸ்கெட்டால் நான் தப்பித்துக்கொண்டேன் என்பதுதான் நிஜம். உண்மையிலேயே கன்வர்ட்டர் போயிருந்தால் ஐம்பதாயிரத்தை எடுத்து வைத்திருப்பேனா? என் பாக்கெட்டில் இருந்து, யமுனைப் பாலத்தில் எனக்குப் பின்னால் ஸ்கூட்டரில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வருகிற முகம் தெரியாதவனுக்காக? எடுத்திருப்பேன் என்று இப்போது எழுதுவது சுலபம். அந்த இரண்டு ராத்திரியில் மனசுக்குள் உஸ்தாதுக்குச் சரி சொல்லிவிட்டிருந்தேன் என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

பி.கு. 1: மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் பதறவேண்டாம், வண்டியை மெதுவாக ஓட்டிப் போய் ஓரிரு நாளில் காட்டுங்கள். விட்டு விட்டு மின்னினால் எஞ்சினில் பெட்ரோல் சரியாக எரியவில்லை, கன்வர்ட்டர் வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். வேகத்தைக் குறைத்து சீக்கிரம் நிறுத்துங்கள். சிவப்பில் ஆயில் விளக்கோ சூட்டு விளக்கோ எரிந்தால் அப்போதே ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். அது பெரியப்பா காலத்து விளக்கு, விளையாடாது.

பி.கு. 2: சில வண்டிகளில் பெட்ரோல் மூடியைச் சரியாகத் திருகாவிட்டாலும் ஆவி கசிகிறது என்று இந்த விளக்கு எரியும். மெக்கானிக்கிடம் போகும் முன் அதை ஒரு தடவை பாருங்கள். குறியீட்டை அழிக்கும் முன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழுதைச் சரிசெய்யாமல் விளக்கை மட்டும் அணைப்பவருக்குக் காசு கொடுக்காதீர்கள். அந்த வேலையை எங்கள் வங்கியிலேயே இலவசமாகச் செய்துகொண்டிருந்தோம் :-)